அப்பா சாய்ந்து நின்ற கார்

அக்டோபர் 12, ஞாயிறு

அப்பாவின் பழைய போட்டோவில் இருக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைக் கண்டுபிடித்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன் தான் ஓட்டிய கார் என்று அப்பா சொல்வார். போட்டோவில் அவர் அதில் சாய்ந்து நிற்பார். வெகுநாளாக நூலகப் புத்தகங்களில் தேடினேன். இன்று பார்த்தால், என் தோழி மௌலிகாவின் பெரியப்பா வீட்டு ஷெட்டில் அதே கார் நிற்கிறது. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர் அவர்.

போட்டோவை நீட்டி, "இதே காருங்க பெரியப்பா" என்றேன். வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் நிரூபிக்கச் சொன்னார். கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை, ஸ்டெப்னி பின்பக்கம், இடது மட்கார்டில் ஒரு நெளிசல். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"கெட்டிக்காரி. போட்டோவுல உங்கப்பன் கையில என்ன சாமி இருக்குது?" என்றார் பெரியப்பா.

"துண்டுங்க."

"துண்டில்ல, காரு துடைக்கிற துணி. இங்க கழுவிட்டுக் கெடந்தவன். ஒரு நாளும் அவங்கிட்டச் சாவி குடுத்ததில்ல." விருந்தாளிகள் சிரித்தார்கள். "இப்பவும் கழுவ வருவானான்னு கேளு."

போட்டோவில் நெளிசலை லென்ஸ் வைத்துப் பார்த்த நான் அந்தக் கையைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்ன காருன்னு தெரிஞ்சுதா சாமி?" என்று ஆசையாகக் கேட்டார்.

"தெரிஞ்சுதுப்பா. கழுவ வரச் சொன்னாங்க."

தட்டில் பாதிச் சோறு இருந்தது. அதன் மேலேயே தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

போட்டோ இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அவர் திருப்பிக் கேட்கவில்லை.