பதிவேட்டில் ஏறாத அட்டை

அக்கா,

போன வாரம் மகள் ஒரு தேயிலை டப்பா வாங்கி வந்தாள். ஆர்.எஸ்.புரத்தில் அவள் வீட்டுக்கு எதிரே புதிதாகக் கடை போட்டிருக்கிறார்கள். டப்பாவின் மேல் மலை, பனி, முதுகில் கூடை மாட்டிய ஒரு பெண். அவள் சிரிக்கிறாள். கொழுந்து பறிக்கிற எவள் இப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். மூடியைத் திறந்தேன். வாசம் வந்ததும் மூடியைக் கீழே போட்டுவிட்டேன். பிரஷர் மாத்திரை போட்டாயா என்று மகள் கேட்டாள். போட்டேன் என்றேன். உங்களைப் பற்றி அவளுக்கு முழுதாக ஒருநாளும் சொன்னதில்லை.

சிங்காநல்லூர் லைன் வீட்டில் நீங்கள் நான்காவது கதவு, நான் ஐந்தாவது. ஆறு குடும்பத்துக்கு ஒரே குழாய். நான் குடிவந்த முதல் வாரம், கடையில் வாங்கி வந்த டீத்தூளை உங்களிடம் காட்டினேன். உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது தூளு இல்ல தங்கச்சி. தூளு சலிச்ச பெறகு கூட்டித் தள்ளுறது" என்றீர்கள். பிறகு உங்கள் வீட்டில் பாலில்லாத தேத்தண்ணி கொடுத்தீர்கள், ஒரு கையில் டம்ளர், மறு கையில் கருப்பட்டித் துண்டு. மரியாதைக்காகக் குடித்தேன். மூன்றாம் நாள் நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வருவாய்த் துறையில் இருந்த என் வீட்டுக்காரர் ஜீப் கவிழ்ந்து போய்ச் சேர்ந்ததில், கருணை அடிப்படையில் தாலுகா அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. மகளுக்கு நாலு வயது. நீங்கள் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, நீலகிரியில் எஸ்டேட் எஸ்டேட்டாக அலைந்து, அங்கேயே உங்கள் வீட்டுக்கார அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு, மில்லில் நூல் சுற்றும் வேலைக்கு வந்தவர். பிள்ளை கிடையாது. காலை ஷிப்ட் முடிந்து வந்தால் என் மகள் உங்கள் மடியில்தான். நான் மாலையில் வரும்போது அவளுக்குத் தலைவாரி, சாப்பாடு ஊட்டி முடித்திருப்பீர்கள். அதற்கு நான் உங்களுக்கு என்ன திருப்பிச் செய்தேன் என்பதைத்தான் இதில் எழுத வேண்டியிருக்கிறது.

தொண்ணூறாம் வருஷம் ஓர் ஆணை வந்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் மறுவாழ்வுத் திட்டத்தின் வீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு வீட்டுமனைப் பட்டா. அது என் பிரிவுக்கே வந்தது. ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். உங்களுக்கு இஷ்டமில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினீர்கள், ரேஷன் கார்டு அல்ல, கப்பலேறும்போது கொடுத்தது. அண்ணன் பெயர், உங்கள் பெயர், ஒட்டிய போட்டோ, இரண்டு நாட்டு முத்திரைகள். பாஸ்போர்ட் நீலகிரி மழையில் கூரையோடு போய்விட்டது. நீங்கள் இந்தியப் பிரஜை என்று சொல்ல மிஞ்சியிருந்தது அந்த அட்டை ஒன்றுதான். "பேப்பர வெளிய எடுத்தா திரும்ப வராது தங்கச்சி" என்றீர்கள்.

"நான் இருக்கறேனுங்க்கா. எங்க போயிருமுங்க?" என்று நான் கையை நீட்டினேன்.

எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. ஊரார் மனு தபாலில் வந்து, பதிவேட்டில் ஏறி, எண் வாங்கி, வரிசையில் நிற்கும். வேண்டப்பட்டவர்களின் மனு பதிவேட்டுப் பக்கமே போகாமல் கைமாறி நேராக ஹெட் கிளார்க் மேசைக்குப் போகும். அதை நாங்கள் தவறாகவே நினைத்ததில்லை. வேண்டியவர்களுக்குச் செய்கிற மரியாதை என்றுதான் நினைத்தோம். உங்கள் மனுவை அப்படித்தான் கொண்டுபோனேன். அட்டையை ஜெராக்ஸ் எடுத்தால் போட்டோவும் முத்திரையும் ஒரே கருப்பாக விழுந்தன. அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி, எனக்கும் தெரியும். "ஒரிஜினலையே டேக்குல கோத்து வைம்மா, மேல கேள்வி வராது" என்றார் ஹெட் கிளார்க். நானே துளையிட்டுப் பச்சை டேக் கயிற்றில் கோத்தேன். உங்கள் பெயரின் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் துளை விழுந்துவிட்டதே என்று வருத்தப்பட்டது நினைவிருக்கிறது.

மூன்று மாதத்தில் ஹெட் கிளார்க்குக்கு மாறுதல் வந்தது. அவர் போன பிறகு தேடினால் கோப்பைக் காணோம். பதிவறையில் தேடினேன், பீரோவுக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். மனை என்ன ஆச்சு என்று நீங்கள் கேட்டால், மேலே போயிருக்கிறது என்பேன். வாரம் தவறாமல் அந்தப் பொய்யைச் சொன்னேன். நீங்களும் வாரம் தவறாமல் சரி என்றீர்கள்.

அடுத்த வருஷம் மே மாதம், பிரதமராயிருந்தவரைக் கொன்ற அந்தக் குண்டு வெடித்தது. அதற்கப்புறம் இலங்கை என்ற சொல்லை வாயிலெடுக்கவே ஊரில் எல்லோரும் பயந்தார்கள். முகாமுக்கு வெளியே இருக்கும் இலங்கைக்காரர்களைக் கணக்கெடுக்கிறோம் என்று போலீஸ் நம் லைன் வீட்டுக்கு வந்தது. உங்கள் பேச்சை வைத்தே யாரோ சொல்லியிருக்க வேண்டும். ரேஷன் கார்டைக் காட்டினீர்கள். அது யாருக்கும் கிடைக்கும் என்றார்கள். குடும்ப அட்டை தாலுகா ஆபீசில் இருக்கிறது என்றீர்கள். அவர்கள் ஆபீசுக்கு எழுதிக் கேட்டார்கள்.

அந்தக் கடிதம் என் மேசைக்குத்தான் வந்தது. அசலை வாங்கினேன், பதிவு செய்யவில்லை, தொலைத்துவிட்டேன் என்று எழுதினால் பதினேழு-பி சார்ஜ் நிச்சயம், வேலையே போகும். கருணையில் வந்த வேலை, தகுதிகாண் காலம்கூட முடியவில்லை. இரண்டு நாள் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பதில் எழுதினேன். "அசல் ஆவணம் ஏதும் இவ்வலுவலகத்தில் பெறப்பட்டதாகப் பதிவேடுகளில் காணப்படவில்லை." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தாசில்தார் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

பிறகு உங்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது தெரியாமல் நின்றேன். என்ன தங்கச்சி, உடம்பு சரியில்லையா என்று கேட்டீர்கள். அப்போது சொல்லியிருக்கலாம். தலைவலி என்றேன்.

தாசில்தார் அறையில் வாக்குமூலம் எழுத என்னை ஓரத்து மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். நீங்கள் மில்லுக்குப் போகும் நீலச் சேலையில் வந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் உங்கள் முகம் தெளிந்தது. நான் இருக்கிறேன், இனி கவலையில்லை என்று நினைத்திருப்பீர்கள். யாரிடம் அட்டையைக் கொடுத்தாய் என்று தாசில்தார் கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பேனாவைப் பார்த்தேன்.

"யாருகிட்டயும் குடுக்கலிங்க. பஸ்ஸுல தொலஞ்சு போச்சுங்க."

அப்புறம் ஏன் ஆபீஸ் மேல் பழி போட்டாய் என்று அவர் அதட்டினார். பயத்தில் சொல்லிவிட்டேன் என்றீர்கள். எல்லாவற்றையும் நான் எழுதினேன். வழக்கப்படி எழுதியதை நானே உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். "எனது குடும்ப அட்டையை எனது கவனக்குறைவால் நானே தொலைத்துவிட்டேன்." கவனக்குறைவு என்பதை நீங்கள் சொல்லவில்லை அக்கா, நான் சேர்த்தது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கற்ற கையெழுத்தை எழுத்து எழுத்தாகப் போட்டுவிட்டு, பேனாவை மூடி என்னிடம் தந்தீர்கள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் எனக்காகக் காத்திருந்தீர்கள். நான் வாயைத் திறக்கும் முன்னே நீங்கள் பேசினீர்கள். "ஒண்ணும் யோசிக்காத. நான் ஒத்தக்கட்ட. உனக்குப் பிள்ள இருக்கு." எனக்கு அழுகை வந்தது. கூடவே நிம்மதியும் வந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்த மடலும் நான் எழுதிய அந்தப் பதில்போலத்தான் ஆகும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன், அக்கா.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மில்லில் உங்களை நிறுத்தினார்கள். வீட்டுக்காரக் கவுண்டர் என் கதவைத் தட்டி, "ஏனுங் அம்மணி, அந்தம்மா நல்லவங்கதானுங்க. இருந்தாலும் நமக்கெதுக்குங்க பொல்லாப்பு" என்றார். நானும் தலையாட்டினேன். அணைக்குப் பக்கத்தில் இருந்த அகதி முகாமுக்கு உங்களை அனுப்பினார்கள். இந்தியப் பிரஜை ஒருத்தியை இந்தியாவிலேயே அகதியாக எழுதிக்கொண்டார்கள். மன்னாரிலிருந்து வந்தவர்கள் உங்களைப் பார்த்து, நீங்கள் இந்தியா ஆளாயிற்றே, இங்கே என்ன வேலை என்று கேட்டார்களாம். நான் பார்க்க வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

நான்கு வருஷத்தில் மூன்று முறை வந்தேன். மூன்றே முறை. கேட்டில் கையெழுத்து, உறவுமுறை என்ற இடத்தில் பக்கத்து வீடு என்று எழுதுவேன். மகள் என்ன படிக்கிறாள், இன்னும் நகம் கடிக்கிறாளா என்று கேட்பீர்கள். அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா என்று பஸ்ஸில் திரும்பும்போது உங்கள் மேலேயே கோபம் வரும். கடைசி முறை வந்தபோது தலை எண்ணும் நேரம். வரிசையில் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்து, "இங்க தெனம் எண்ணுவாங்க தங்கச்சி. ஒண்ணு கொறஞ்சாலும் தேடுவாங்க. இத்தன வருஷத்துல என்னைய ஆளுன்னு எண்ணுனது இங்கதான்" என்றீர்கள். வேடிக்கையாகச் சொன்னீர்களா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நான்காம் முறை வந்தபோது நீங்கள் இல்லை. நெஞ்சுச் சளி, மழைக்காலம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் என்றார்கள். ஆகி இருபது நாள். முகாம்காரர்களே எல்லாம் செய்துவிட்டார்களாம். பதிவேட்டைத் திறந்து காட்டினார்கள். உங்கள் பெயர், எதிரே நாடு: இலங்கை. பெயர்மீது சிவப்பு மையில் கோடு.

அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, ஆபீஸ் புதுக் கட்டிடத்துக்கு மாறியபோது பழைய கட்டுகளைப் பிரித்தோம். பல்லடம் ரோட்டில் ஏதோ வண்டிப்பாதைத் தகராறுக் கோப்பு. அதன் பின்பக்கம் அதே பச்சை டேக்கில் உங்கள் மனுவும் அட்டையும் சேர்த்துக் கோக்கப்பட்டிருந்தன. ஹெட் கிளார்க் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறார். போட்டோவில் உங்களுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, அண்ணன் தோளை ஒட்டி நிற்கிறீர்கள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு டேக்கை அவிழ்த்து, அட்டையை டிபன் பைக்குள் போட்டுக்கொண்டேன். அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது.

பயப்படுவதற்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் இருந்தது. மகள் படிப்பு, மகள் கல்யாணம், ஓய்வூதியம். அத்தனையும் முடிந்து, எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் நல்ல அம்மா என்று கும்பிடுகிற நிலைக்கு வந்துவிட்டேன். பேரனுக்குப் பாடம் வாசித்துக் காட்ட உட்கார்ந்தால் மட்டும், தாசில்தார் அறையில் வாசித்த அதே குரல் என் தொண்டையிலிருந்து வருகிறது. பாதியில் புத்தகத்தை மூடிவிடுகிறேன். பாட்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று அவன் எல்லோரிடமும் சொல்கிறான்.

தேயிலை டப்பா வந்த அன்றைக்கே மனு எழுதி, தாலுகா ஆபீசில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டை அலுவலகத்தில் பெறப்பட்டது, பெற்றவள் நான், தொலைத்தவளும் நான், மறைத்து எழுதியவளும் நான். அகதிகள் பதிவேட்டில் அவர் பெயரை நீக்கி, அவர் இந்தியர் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணாடி போட்ட இளம் பெண் ஒருத்தி பொறுமையாகப் படித்தாள். எனக்குப் பிடித்துப்போகும் அளவுக்கு மரியாதையானவள். "திங்கக்கெழம அசல் அட்டையோட வாங்கம்மா. சம்பந்தப்பட்டவங்க நேர்ல ஆஜராகணும்" என்றாள். இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறேனே என்றேன். அதற்கு இந்தப் படிவத்தில் இடம் இல்லை, அம்மா, அதிகாரியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

நாளை திங்கட்கிழமை. அட்டை இருக்கிறது, ஆள் எங்கே என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வது என்று நேற்றிலிருந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். சமையலறையில் ஒருமுறை, மொட்டைமாடியில் ஒருமுறை. எப்படித் தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

"நான்தானுங்க தொலைச்சுப்போட்டேன்."