திரிந்த பால்

ஜனவரி 20, 1961, ரோஸ் ஹில்
தமிழில் எழுதுகிறேன். இந்த வீட்டில் வேறு யாருக்கும் தமிழ் படிக்க வராது, நல்லது.

போன வருஷம் இந்தத் தீவையே புரட்டிப்போட்ட புயலில் கூரை விழுந்து என் கைக்குழந்தை போனான். அப்புறம் என் புத்தி கலங்கியது உண்மை. மனநோய் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் உண்மை. அதற்காகப் பார்வதியை இன்னும் எத்தனை நாள் நாத்தனார் கோவிந்தம்மா தன் வீட்டில் வைத்துக்கொள்வாள்? என் மகள்தானே?

இன்று சொல்லிவிட்டாள்: “தைப்பூசத்துக்குக் காவடி எடு. பால் திரியாம சாமிகிட்ட போச்சுன்னா பிள்ளய அனுப்புறேன்.”

எடுக்கிறேன் என்றேன்.

ஜனவரி 22
விரதம். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை ஆகாதாம், விரதம் கெட்டுப்போகுமாம், நாத்தனார் சொல்கிறாள். நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 24
தூக்கமே இல்லை. சுவருக்குள் குழந்தை அழுகிறான். பயமா இருக்கு— திரும்ப அந்த ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய் விட்டுடுவாங்களா?

ஜனவரி 25
ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒதில் என்கிற நர்ஸ் தன் கழுத்துச் சிலுவையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “மாத்திரை வேணாம்னு உன் சாமி சொன்னாரா, நாத்தனார் சொன்னாளா?”

வீட்டுக்கு வந்து விபூதி பூசிக்கொண்டு மாத்திரையை விழுங்கினேன். முருகா, கோபமென்றால் என்னிடமே சொல்.

ஜனவரி 28
தூங்கினேன். ஆஸ்பத்திரியில் ஒருவரும் என்னோடு பேசாத நாட்களில் வேலா, வேலா என்றுதான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவனை எனக்குப் பரீட்சை வைக்கிறவனாக்க இவர்கள் யார்?

ஜனவரி 31
ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை காவடி சுமந்தேன். தார் ரோடு காலைச் சுட்டது. சந்நிதியில் செம்பைத் திறந்தார்கள்.

பால் திரிந்திருந்தது.

“மாத்திர தின்ன உடம்பு, வேற என்ன ஆகும்?” நாத்தனார் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். ஐயர் தயங்கினார். “ஊத்துங்க சாமி” என்றேன். ஊற்றினார். கட்டியும் தண்ணீருமாக வேலில் வழிந்தது. கோயில் இடிந்து விழவில்லை.

நேரே போய்ப் பார்வதியின் கையைப் பிடித்தேன். “சாமி வாங்கிக்கிட்டாரு. என் பிள்ளய நான் கூட்டிட்டுப் போறேன்.”

நாத்தனார் மறித்தாள். என் புருஷன் வீரசாமி இத்தனை மாதமும் வாயே திறக்காதவர். “வழிய விடு, அக்கா” என்றார்.

பிப்ரவரி 1
பார்வதிக்குத் தலை பின்னிவிட்டேன். “பால் ஏம்மா திரிஞ்சிச்சு?” என்று கேட்டாள்.

“வெயிலு, கண்ணு.”

அவள் பார்க்கவே மாத்திரையைப் போட்டுக்கொண்டு விளக்கேற்றினேன்.