சீட்டில் வைத்த மணல் மூட்டை

என்னங்க,

நீங்கள் கோபித்துக்கொண்டு அடையாறில் வேறு டீமோடு போய்த் தங்கியதிலிருந்து நம் மண் டிராக் ரேஸ் காரை அன்புச்செல்விதான் ஓட்டுகிறாள். வளைவில் பின்பக்கம் வழுக்குகிறது என்கிறாள். இடது பின் ஷாக் அப்சார்பரை ஆக்சிலுக்கு முன்னால் மாட்டினேன், பின்னால் மாட்டினேன், ஸ்பிரிங்கையும் மாற்றினேன். ஒன்றும் புரியவில்லை.

ஓட்டுபவர் எடைக்கு ஈடாகச் சீட்டில் மணல் மூட்டை வைத்துத்தானே ஷாக்கை அமைப்போம்? நேற்று அவள் அந்த மூட்டையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இன்னாக்கா, இது யாரு வெயிட்டு?" என்றாள்.

தராசில் வைத்தேன். எழுபத்தெட்டு கிலோ. அவள் ஐம்பத்திரண்டுதான்.

உங்கள் மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் மணலைக் குறைக்கக் கை வரவில்லை. இப்போது உங்கள் எடை எவ்வளவு?

கோடம்பாக்கம் ஷெட்டிலிருந்து,
உங்கள் மெக்கானிக்