பெட்டியின் பக்கத்தில் ஒரு புலி

குண்டசாலை
20.08.2000

அன்பு மகன் குகனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று அப்பா தினமும் பிள்ளையாரைக் கேட்கிறார், நான் உன்னையே கேட்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, போன கடிதத்தில் அந்தக் கேள்விக்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. இரஞ்சிதம் மாமியிடமிருந்து மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. சண்டையில் சாவகச்சேரி வீட்டை விட்டுவிட்டுத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கிறார்களாம். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்பதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. நீ ஒரு வரியாவது அவவுக்கு எழுது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரியூசனுக்கு என்று என்னிடம் சொல்லிவிட்டு நீ போய் நின்ற லாபிரின் விளையாட்டுக் கடை ஞாபகம் இருக்கும். கண்டியில் அந்தக் கடையை மூடிவிட்டு லாபிர் அக்குறணைக்கே போய்விட்டார். போகும்போது பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை லொறியில் ஏற்றிவந்து எங்கள் விறாந்தையில் இறக்கினார். “எறியத்தான் இருந்தேன் சேர், உங்கட மகன் படிக்கிற காலமெல்லாம் இதுக்கு முன்னால தானே நின்டான், நீங்களே வெச்சிக்கோங்க” என்று சொன்னார். ஆளுயரப் பெட்டி, கறையான் பாதி தின்றது, எனக்கு ஒரு பயனும் தெரியவில்லை. அப்பாவுக்கோ ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக முகத்தில் வெளிச்சம். உக்கிய பலகையை வெட்டி எடுத்து வேறு பலகை வைத்தார், ஓட்டைகளுக்குப் பட்டி பூசினார், இரண்டு கிழமை சாண்ட் பேப்பர் தேய்த்தார். வீட்டில் எதைச் சமைத்தாலும் பெயின்ட் மணந்தது. தேய்ப்பதற்கு முன்பே பெட்டியின் பக்கப் பலகையில் இருந்த படத்தை மெல்லிய தாளில் ஒரு கோடு பிசகாமல் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார், முப்பது வருடம் நில அளவைப் படம் வரைந்தவர் அல்லவா. அந்தப் படம்தான் பிரச்சினை. அது பாய்கிற புலி.

இந்தக் காலத்தில், இந்த ஊரில், தமிழர் வீட்டு விறாந்தையில் மூன்றடி நீளப் புலி. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசி. வெறும் நீலமாக அடித்துவிடுங்கோ என்றேன். மாட்டேன் என்றார். சரி, வரியைப் போடாமல் புள்ளியைப் போட்டுச் சிறுத்தையாக்குங்கோ, அதுவாவது இந்த நாட்டு மிருகம் என்றேன். அதற்கு அவர், “இஞ்சேரும் லீலா, காணியில கிணறு இருந்தா படத்திலயும் கிணறு இருக்கவேணும், எனக்குப் பிடிக்கேல்லை எண்டு அதைத் தென்னையாக்கேலாது” என்றார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு பஸ்ஸில் தமிழ்ப் பேப்பரைச் சிங்களப் பேப்பருக்குள் மடித்து வைத்து வாசித்த மனிதர் இப்படிக் கதைக்கிறார். மூன்று நாள் இருவரும் சரியாகக் கதைக்கவில்லை.

கண்டிப் பெரஹரா திருவிழாவுக்கு முன்பு வழக்கம்போல் வீடு வீடாகச் சோதனை வந்தது. அன்று புலியின் உடம்புக்குச் செம்மஞ்சள் அடித்து முடிந்திருந்தது, வரிகள் பென்சிலில் மட்டும். பெட்டியின் திரையை லாபிர் திருத்துவதற்குக் கொண்டுபோயிருந்ததால் உள்ளே வெறும் வயர்கள். பெட்டியின் பின்கதவைத் திறந்த ஆமிப் பெடியன் வயர்களைக் கண்டதும் இரண்டடி பின்னுக்குப் போனான். இது விளையாட்டுப் பெட்டி என்று அப்பா பொறுமையாக விளக்கினார். இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்துவிட்டுப் படத்துக்குமுன் நின்று, “மே கொட்டியெக்த?” என்றார், இது புலியா என்று. நான் முந்திக்கொண்டு, இல்லை சேர், பூனை என்றேன். அதே நேரத்தில் அப்பா, “ஒவ் சேர், கொட்டியெக் தமாய்” என்றார், ஓம், புலிதான். அதோடு நிற்காமல், வெளிநாட்டுப் பெட்டி, அதில் இருந்ததைத்தான் வரைகிறேன், இலங்கையில் இந்த மிருகம் கிடையாது என்றும் சிங்களத்தில் சொன்னார். பின்னால் நின்ற ஒருவன், “இலங்கையில புலி இல்லையாம், அப்ப நாங்க எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்” என்று அவர்கள் பாஷையில் சொல்லிச் சிரித்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மனைவி பூனை என்கிறாள், புருஷன் புலி என்கிறான், அப்படியென்றால் ஏதோ இருக்கிறது என்று சொல்லி அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

மகன், இதை மறைக்காமல் எழுதுகிறேன். அவரைக் கொண்டுபோகக் காரணம் படம் அல்ல, நான் சொன்ன பொய். கெட்டிக்காரி என்று என்னையே நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

லாபிருக்குத் தொலைபேசி எடுத்தேன். திரையையும் கடைப் பதிவுக் கடதாசியையும் த்ரீவீலரில் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலத்தில் வந்து என்னையும் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனார், தன் பெயரும் எழுதப்படும் என்று தெரிந்தும் வந்தார், இதை நீ மறக்கக்கூடாது. பொலிசில் வாக்குமூலம் எழுதிய சார்ஜன்ட்டும் ஒரு காலத்தில் லாபிரின் கடையில் விளையாடியவராம். அதனாலோ என்னவோ, விஷயத்தை முடித்துவிடலாம் என்ற நல்லெண்ணத்தில் பெட்டியில் உள்ள படம் பூனை என்று எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். எனக்குப் போன உயிர் வந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். வாசித்துவிட்டு, இதில் ஒரு பிழை இருக்கிறது, அது பூனை இல்லை, புலி என்றார். லாபிர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, “சேர், பூனென்டே இரிக்கட்டும், சைன வெச்சிட்டு வாங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சினார். நானும் கண்ணால் கெஞ்சினேன். அப்பா அசையவில்லை. பொய்யான கடதாசியில் முப்பது வருடம் கையெழுத்து வைக்கவில்லை, நாளைக்கு யாராவது வந்து பார்த்தால் பூனை என்று எழுதித் தந்தவன் பொய்யன் ஆவான், புலி என்று எழுதித் தந்தவனை என்ன சொல்லமுடியும் என்று கேட்டார். குரல் உயரவில்லை, ஆனால் தலை குனியவில்லை. சார்ஜன்ட் உள்ளே போய் இன்ஸ்பெக்டரிடம் கேட்டுவிட்டு வந்தார். பூனையை வெட்டிப் புலி என்று எழுதினார்கள். அப்பா திருத்தத்துக்குப் பக்கத்தில் சின்னக் கையெழுத்து ஒன்று வைத்தார், அவர்களையும் வைக்கச் சொன்னார், நில அளவைப் படத்தில் செய்வதுபோலவே. வைத்தார்கள். பிறகு போகலாம் என்றார்கள்.

வெளியே வந்ததும் லாபிர், “இந்த மனிசனோட ஒரு பயணம் போகேலா” என்று என்னிடம் முறைப்பாடு சொன்னார். இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்து ஒருவரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்துவிட்டேன். எதையும் சட்டென்று நம்புகிறவள் நான் அல்ல, உனக்குத் தெரியும். அன்றைக்கு த்ரீவீலரில் அவருக்குப் பக்கத்தில் இருந்து வரும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

அடுத்த நாளே வரிகளைப் போட்டுவிட்டார். வாலில் வளையங்கள் வரவேண்டும், விலங்கியல் படித்தவள் சொல்கிறேன் என்றேன். பிரதி எடுத்த தாளில் இல்லை என்றார். இதிலும் விட்டுக்கொடுக்கவில்லை. இனிக் கதை என்ன.

அந்த நாட்டுக் குளிர் தொடங்குமுன் உடம்பைக் கவனி. கையில் மிச்சம் பிடிக்கிறேன் என்று வயிற்றைக் காயவிடாதே. கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும் என்பது அப்பாவின் ஆசீர்வாதம். நீ நீயாகவே இருந்தால் போதும் என்பது என்னுடையது.

ஒன்றை மறக்காதே. நீ தொலைபேசி எடுக்கும்போது இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால் பூனை என்றே கேள், யார் ஒட்டுக்கேட்கிறார்களோ என்றுதான் எழுதினேன். அப்பா பின்னால் நின்று வாசித்துவிட்டு, பேனையை வாங்கி பூனை என்ற சொல்லை வெட்டிப் பக்கத்தில் தன் சின்னக் கையெழுத்தை வைத்திருக்கிறார். நானும் வைத்திருக்கிறேன். புலி என்றே கேள்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
லீலாதேவி பரமநாதன்