கேமராமேன் இல்லாத பிக்னிக் படம்

டிசைனரம்மாவுக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்காரர் ஆறு மணிக்கு வருவார்.

"எங்க ஸ்டூடியோ கேமராமேன்கிட்ட சொன்னா புது சாஃப்ட்வேரைப் பாதி விலைக்கு வாங்கித் தருவார்" என்று நேற்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. நானே உட்கார்ந்து தேடினேன். உன் போட்டோ சாஃப்ட்வேரின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனியே புதியதைக் கால் விலைக்குத் தருகிறது. வாங்கி உன் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டேன். இனி அவரைக் கேட்க வேண்டாம்.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, உங்கள் ஸ்டூடியோ பிக்னிக் படத்தைத் திறந்து, உன் பக்கத்தில் நின்ற கேமராமேனை அழித்தேன். சுவடே இல்லை!

பி.கு: கோபப்படாதே, அசல் படம் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்று: இப்போது நீ வெறும் மரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். நம் கல்யாண ஆல்பம் முழுக்கப் புரட்டினேன். அந்தச் சிரிப்பைக் காணோம்.