மூன்று முறை தட்டினால்

2 பிப்ரவரி, வெள்ளி

என் வலது கையை ஆட்டுவது யார்? எனக்குத் தெரியவில்லை. இயற்பியலில் முதுகலைப் பட்டம் வாங்கி, இத்தனை வருடம் விசை, அலைவு என்று பாடம் நடத்தியவள் எழுதக் கூடாத வாக்கியம்தான். ஆனாலும் தெரியவில்லை.

தீபாவளிக்குப் பிறகு ஆரம்பித்தது. யாராவது பார்த்தால் ஆடுகிறது. நானே பார்த்தாலும் ஆடுகிறது. பஸ்ஸில் சில்லறை தேடும்போது ஆடுவதில்லை. பெங்களூரில் நரம்பு டாக்டர் இடது கையால் மேஜையில் தாளம் போடச் சொன்னார். வலது கை நின்றுவிட்டது. அவருக்கு ஒரே சந்தோஷம். நரம்பில் சேதம் ஏதுமில்லையாம், மூளை கையை ஓட்டும் விதத்தில்தான் கோளாறாம். "நீங்க நடிக்கலை" என்றும் சொன்னார்.

நான் அதைக் கேட்கவே இல்லையே.

5 பிப்ரவரி, திங்கள்

பிரின்சிபல் சௌந்தரராஜன் கூப்பிட்டு அனுப்பினார். 28ஆம் தேதி பிராக்டிகல் தேர்வு. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால், ஒளி விலகும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரை நான் சரிசெய்து காட்ட வேண்டும். போன வாரம் வகுப்பில் அதைத் தொட்டபோது அதன் தொலைநோக்கியில் மஞ்சள் கோடு குதித்த குதி அவர் காதுக்கும் போயிருக்கிறது. அன்று முடியாவிட்டால் லேப் பொறுப்பு என் ஜூனியர் ரவிகுமாருக்கு. எனக்கு ஜூனிலிருந்து நூலகம்.

"ரெஸ்ட் மாதிரி இருக்கும் மேடம்."

ரெஸ்ட். எந்தப் பிரிசத்தில் எந்த முனை உடைந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த லேபை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

9 பிப்ரவரி, வெள்ளி

மாரிகுப்பம் ரயிலில் பெங்களூர். டாக்டரின் ஆராய்ச்சிக் குழு என் போன்றவர்களின் மூளையைப் படம் எடுக்கிறது. ஓர் அசைவைத் தன்னுடையது என்று மூளை எப்படி அறிகிறது, எங்கே தவறவிடுகிறது என்று பார்க்கிறார்களாம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆளும் வேண்டுமாம். துணைக்கு வந்த ஏனோக் அண்ணன் கேட்டவுடன் சம்மதித்துவிட்டார். ரயிலில் முழுப் பெட்டிக்கும் அறிவித்திருந்தார்: "தங்கச்சிக்கு மூளை நல்லாத்தான் கீது. கைக்குத்தான் அது மேல நம்பிக்கை இல்ல."

குழாய்க்குள் படுத்துக்கொண்டு ஒரு சின்னக் கம்பியை அசைக்க வேண்டும். திரையில் ஒரு புள்ளி நகரும். சில சமயம் அது என் அசைவு. சில சமயம் வேறு யாருடையதோ பழைய பதிவு. என்னுடையது என்று தோன்றினால் இடது கையால் பொத்தானை அழுத்த வேண்டும். மூன்று பீப் கேட்டால் அசைக்கத் தொடங்க வேண்டும்.

இயந்திரம் பாறையைத் துளைப்பதுபோல் சத்தம் போட்டது. உள்ளே போனதும் கை ஆடவே இல்லை. ஆராய்ச்சி மாணவி ஸ்வப்னா மைக்கில் கெஞ்சினாள்: "மேடம், ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், ஷேக் ஆனா நல்லாருக்கும்."

நானே ஆட்டிக் காட்டினேன். அது செல்லாதாம்.

17 பிப்ரவரி, சனி

ஸ்வப்னா போன் செய்தாள், தலைகால் புரியாத மகிழ்ச்சியில். யாருடையதோ அசைவையெல்லாம் என்னுடையது என்றிருக்கிறேன். என்னுடையதை இல்லை என்றிருக்கிறேன். அது அவர்கள் எதிர்பார்த்ததுதானாம். எதிர்பாராதது வேறு. மூன்று பீப் கேட்கும்போதெல்லாம் என் கை அசைக்கத் தொடங்குவதற்குப் பதிலாகக் கம்பியை விட்டிருக்கிறது. ஏனோக் அண்ணனின் கையும் அப்படியே.

"அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருமே மேடம்! ஜெனிட்டிக்கா இருக்கலாம்." ரத்த மாதிரி வேண்டுமாம். பெரியப்பா, சித்தப்பா மக்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

18 பிப்ரவரி, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் வழக்கம்போல் கரண்டியால் தட்டின் விளிம்பில் மூன்று முறை தட்டினார். என் கை தட்டிலிருந்து விலகியது. அவர் கையும் விலகியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

அப்பா தங்கச் சுரங்கத்தில், ஆள் கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் என்ஜினுக்கு டிரைவர். மணி மூன்று முறை அடித்தால் கீழே அந்தக் கேஜில் ஆள் ஏறுகிறான் என்று பொருள். அடுத்த மணி வரும்வரை லீவரில் கை இருக்கக் கூடாது. அதை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்தார். மூன்று தட்டு, கையை எடு, பிறகு ஜெபம். அவர் போன பிறகு அண்ணன் தட்டுகிறார்.

"பரம்பரைதான். ரத்தத்துல இல்ல, சோத்துல" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடவில்லை. டீ கோப்பையை எடுத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. அண்ணன் பழக்கத்தில் ஜெபத்தைச் சொல்லி ஆமென் என்றார். உடனே ஆடத் தொடங்கியது.

மறுபடி தட்டச் சொன்னேன். நின்றது. ஆமென். ஆடியது. நாலைந்து முறை செய்து பார்த்தோம். ஆண்டவர் மன்னிப்பாராக, அது பரிசோதனை.

20 பிப்ரவரி, செவ்வாய்

ஸ்வப்னாவிடம் சொன்னேன். "அப்போ ஜீன் இல்லையா மேடம்?" பாவம், ஆராய்ச்சி மாநாட்டுக்கான போஸ்டர் பாதி தயாராம்.

நானே தட்டிக்கொண்டால் நிற்பதில்லை. அது எதிர்பார்க்கக்கூடியதுதான் என்றாள். நாமே செய்வதை மூளை முன்கூட்டியே கணக்கில் எடுத்துத் தள்ளிவிடுமாம். தன்னைத் தானே கிச்சுகிச்சு மூட்ட முடியாததுபோல. வேறு யாராவதுதான் தட்ட வேண்டும்.

வேறு யாராவது. மழையில் யாரிடமும் ஒரு குடைகூடக் கேட்டதில்லை நான்.

லேபில் கூட இருக்கப்போவது அட்டெண்டர் நேசமணி. அவளிடம் ஒன்றைச் சொன்னால் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குக் காய்கறி வருவதற்குள் செய்தி வந்துவிடும்.

27 பிப்ரவரி, செவ்வாய்

வேறு வழி தோன்றவில்லை. கடைசி மணி அடித்த பிறகு, பிரிசங்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்த நேசமணியிடம் சொல்லிவிட்டேன். கை ஆடத் தொடங்கினால் மேஜையில் மூன்று முறை தட்ட வேண்டும்.

"அவ்ளோதானா? இதுக்கு இன்னா மேடம், கொலை பண்ணச் சொல்ற மாதிரி கொரலை தாழ்த்துறீங்க?"

"தட்டிட்டு ஆமென் சொல்லிடாதே."

"நான் எதுக்கு சொல்றேன்? பிராக்டிகலுக்கா?"

யாரிடமும் சொல்லாதே என்றேன். "நான் யார்கிட்ட போய் சொல்லப்போறேன்" என்றாள். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டதுபோல் இருந்தது.

நூலகம் அப்படியொன்றும் மோசமில்லை. ஜன்னல் இருக்கிறது.

28 பிப்ரவரி, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தேர்வாளர் கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஒல்லி மனிதர், கன்னடக்காரர், சிரிக்காதவர். சோடியம் விளக்கைப் போட்டேன். திருகைத் தொட்டதும் கை ஆடியது. மஞ்சள் கோடு குதித்தது. நேசமணி மர ஸ்கேலால் மேஜையில் மூன்று முறை தட்டினாள்.

அதோடு நிற்கவில்லை. முதல் மேஜை மாணவி பென்சிலால் தட்டினாள், மூன்று முறை. பின்னால் இன்னொருவன். ஜன்னலுக்கு வெளியே ரவிகுமார் வண்டிச் சாவியால் கம்பியைத் தட்டினார் — ரவிகுமார்! வாசலில் பிரின்சிபல், எங்கேயோ பார்த்துக்கொண்டு, மோதிரத்தால் கதவை. ஒருவரோடு ஒருவர் சேரவில்லை. மூன்று எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்ததுபோல் இருந்தது. இது என்ன என்று கன்னடத்தில் கேட்டார் தேர்வாளர். நேசமணி, "இங்க இப்படித்தான் சார்" என்றாள். அவர் யோசித்தார். பிறகு பேனாவால் பதிவேட்டின் மேல் மரியாதையாக மூன்று முறை தட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேபில் நான் சிரித்து யாரும் பார்த்ததில்லை, பிள்ளைகள் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அடக்க முடியாமல், சிரித்துக்கொண்டே தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். கோட்டைக் குறுக்குக் கம்பிக்குக் கொண்டுவந்தேன். அளவைப் படித்தேன். பிரிசத்தைத் திருப்பி, அடுத்த அளவையும் படித்தேன். தேர்வாளர் குனிந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மதியம் பிரின்சிபல், ஜூனிலும் லேப் என் பெயரில்தான் என்றார்.

ராத்திரி சாப்பாட்டில் அண்ணன் கரண்டியை எடுத்தவர், தட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்: "கை நின்னுச்சாம்மா?"

பதில் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. தெரியவில்லை. பார்க்க மறந்துவிட்டேன்.