கெட்டி ஓடு

லாயாங் லாயாங்
4.2.2024

என் செல்ல மருமகள் லோஷினிக்கு,

மாமா எழுதுவது. சிங்கையில் உடம்பைப் பார்த்துக்கொள். நான் போன் ஏன் எடுப்பதில்லை என்று உன் அம்மா அழுதாளாம். கோழிக் கூண்டில் ஒரு பியாவாக் நுழைந்தது. உடும்பு இனம்தான், ஆனால் முதலைக்குத் தம்பி. கையில் இருந்தது போன்தான். எறிந்தேன். மண்டை பிளந்தது. போனும் பிளந்தது. மிச்சத்தைப் பாராங் கத்தியால் முடித்தேன். எட்டடி. பார்த்தவர்கள் நாலடி என்பார்கள், அவர்களுக்கு அளக்கத் தெரியாது. இனிமேல் கடிதம்தான். உங்கள் பேக்டரி பஸ் ஓட்டுகிற செல்வா கொண்டுவருவான்.

நீ விட்டுப்போன ஆறு கோழியும் தோல் முட்டை போடுகின்றன. ஓடே இல்லை. தூக்கினால் தண்ணீர் கட்டிய பிளாஸ்டிக் பை. பக்கத்து வீட்டு மணியம் தினமும் வேலியில் நின்று, "காளி, இன்னிக்கு முட்டை எப்படி லா?" என்கிறான். அவன் கண்தான் படுகிறது. உனக்கு மாமனாராகப் போகிறவன் என்பதால் பல்லை விட்டுவைத்திருக்கிறேன்.

ஜூன் மாதம் குளுவாங் கோயிலில் தாய்மாமன் மாலையை நான் உன் கழுத்தில் போடும்போது ஜொகூரே பார்க்க வேண்டும். ஆளுயர மாலைக்குச் சொல்லியாயிற்று.

மெர்சிங் வரை பெயர் சொன்னால் நடுங்கும்,
காளிதாஸ் மாமா

*

சிங்கப்பூர்
9.2.2024

பாசமுள்ள மாமாவுக்கு,

கோழிக்குக் கால்சியம் போதவில்லை. அதனால்தான் ஓடு கட்டவில்லை. கடையில் முட்டைக்கோழித் தீனி என்று கேட்டு வாங்குங்கள். கெராங் சிப்பி ஓட்டைக் கழுவிக் காயவைத்து, நொறுக்கி, தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதை அவையே கொத்திக்கொள்ளும். கூண்டுப் பக்கம் பாராங் வீசாதீர்கள். பயந்த கோழியும் தோல் முட்டைதான் போடும்.

மணியம் அங்கிளிடம் சண்டை வேண்டாம் மாமா. எனக்காக.

லோஷினி

*

லாயாங் லாயாங்
18.2.2024

வீரத்தில் மாமாவை உரித்துவைத்த மருமகளுக்கு,

படித்த பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் சுற்று வழி. சிப்பி எதற்கு? ஓடு என்பது சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடுவதும் சுண்ணாம்பு. ஒரு டின் முழுக்கச் சோற்றில் பிசைந்து வைத்தேன். சந்தையிலேயே இந்த வைத்தியம் யாருக்கும் தெரியாது.

மறுநாள் மூன்று கோழி கழுத்தை முறுக்கிக்கொண்டு துடித்தன. அலகில் இரத்தம். மூன்றும் செத்தன; உன் வெள்ளைப் பெட்டை என் மடியிலேயே போனது. விஷம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

விடிந்ததும் கூண்டுக்குள் யார்? மணியம்! கை நிறைய வெள்ளைப் பொடி. கூட நான்கு பேர், எல்லோரும் தடியர்கள். "காளி, கொஞ்சம் கேளுடா, லோஷினிதான்..." என்று ஆரம்பித்தான். அந்த வாயால் உன் பெயரா? மண்வெட்டிக் கம்பைப் பிடுங்கினேன். முதல் அடி கையில். விறகு முறிகிற சத்தம். இரண்டாவது காதோரம். விழுந்த பிறகும் இரண்டு போட்டேன். நான்கு தடியர்களும் ரயில் பாதை வரை ஓடினார்கள். மிச்ச மூன்று கோழியும் பொடியை மிதித்துக்கொண்டு கத்தின.

இனி உன் சொத்தில் கைவைக்க ஒருவனுக்கும் துணிவு வராது.

உன் காவல்காரன்,
காளிதாஸ் மாமா

*

சிங்கப்பூர்
25.2.2024

மாமா,

நான்தான் அவரை அனுப்பினேன். நீங்கள் சிப்பி வைக்க மாட்டீர்கள் என்று தெரியும். அந்தப் பொடி கெராங் ஓடு. தன் வீட்டு அம்மியில் அவரே நுணுக்கினார். அவர் தனியாக வந்தார்.

கோழிகளின் தொண்டையை வேகவைத்தது உங்கள் சுண்ணாம்பு.

கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. ஒரு காது கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில், "லோங்காங்ல விழுந்துட்டேன்" என்றாராம். அவர் மகன் ஹேமநாதன் அந்தச் சாக்கடையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கல்யாணம் நடக்கும். மாலையை அம்மா போடுவார். நீங்கள் வர வேண்டாம்.

லோஷினி

*

லாயாங் லாயாங்
10.3.2024

லோஷினிக்கு,

செல்வா இதைக் கொண்டுவர மாட்டேன் என்றான். தபாலில் போடுகிறேன்.

கூண்டில் சிந்திய பொடியை மூன்று கோழிகளும் கொத்தித் தின்றுவிட்டன. நான் கூட்டவில்லை. பாராங்கைக் கூரையில் செருகிவிட்டேன். இந்த வாரம் முட்டையெல்லாம் கெட்டி ஓடு. நகத்தால் தட்டினால் கண்ணாடி மாதிரி கேட்கிறது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஒரு கூடை நிறைய மணியம் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கதவைத் தட்டவில்லை. நான் வீட்டுப் படி ஏறுவதற்குள் முதல் முட்டை என் சுவரில் வந்து அடித்தது. திரும்பிப் பார்த்தேன். வலது கை கட்டுத்துணியில் தொங்க, இடது கையால் எறிந்துகொண்டிருந்தார். ஒன்றுகூடக் குறி தப்பவில்லை. ஒன்று நெற்றியில். நான் நகரவில்லை.

மாலைக்காரனிடம் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஓடு நல்ல கெட்டி, லோஷினி. ஒவ்வொன்றும் உடைகிற சத்தம் கேட்டது.

காளிதாஸ்